பாய்லருக்குள் நின்றவர்கள்

எங்கள் தெருவில் படம் என்றால் மூன்றே வகை. சாமி படம், சினிமா போஸ்டர், செத்துப்போனவர்களின் போட்டோ. இந்த மூன்றிலும் சேராமல், ஒரு பழைய கூஜாவை முக்காலிமேல் வைத்துவிட்டு, மாதக்கணக்காக அதன் எதிரில் உட்கார்ந்து எண்ணெய் வர்ணத்தில் அதையே வரைந்துகொண்டிருக்கும் பெண்ணை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று செங்கல்பட்டில் யாருக்கும் விளங்கவில்லை. பால்காரம்மா தினமும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"அதான் எதுக்கவே கீதே டீச்சர்? அப்பறம் இன்னாத்துக்கு அத வரையணும்?"

பதில் வராவிட்டால் எனக்குக் கோபம் வரும். "நீ பால்ல தண்ணி கலக்காம ஊத்து, அது போதும்" என்றேன். மறுநாள் பாலில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

அப்போது ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியை. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. பார்க்க வந்த ஒன்றிரண்டு பேரும் என் முகத்தைவிட என் வாயைப் பார்த்துப் பயந்து போனார்கள். அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு சாய்வுநாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தால் பிறகு பூகம்பமே வந்தாலும் அவருக்குத் தெரியாது. அண்ணி நல்லவள். ஆனால் அவள் கண்ணில் அழுக்கு படக்கூடாது. பட்டால் அந்த அழுக்குக்கு அன்றைக்கே கருமாதி.

நான் பழைய பொருள்களைத்தான் வரைவேன். புதுப் பாத்திரத்தின் முகத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. பழசு என்றால் அது விழுந்த இடம் தெரியும், சூடுபட்ட இடம் தெரியும், எந்தப் பக்கம் கை வைத்துத் தூக்கினார்கள் என்பதுகூடத் தெரியும். அதை உள்ளது உள்ளபடி வரைய வேண்டும் என்பது என் பிடிவாதம். மெட்ராஸில் எழும்பூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் வருஷா வருஷம் சித்திரக் கண்காட்சி நடக்கும். அதில் என் படம் ஒன்று தொங்கவேண்டும் என்பது என் ஆசை. இரண்டு வருஷம் அனுப்பினேன். இரண்டு வருஷமும் போன மச்சான் திரும்பி வந்தான் கதைதான்.

முதல் வருஷம் அனுப்பியது கூஜா படம். ஈயம் தேய்ந்து, பிடி வளைந்த அருமையான கூஜா. வரைய உட்காரும் நாளன்று காலையில் அண்ணி அதைப் புளி போட்டுத் துலக்கி, பிடியை அம்மிக்குழவியால் தட்டி நிமிர்த்தி, ஒரு குங்குமப் பொட்டும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மறு வருஷம் ரயில்வே கைவிளக்கு. அண்ணன் ஸ்டேஷனில் கேட்டு வாங்கி வந்தார். "டீச்சரம்மா படம் போடப் போறாங்களாம்" என்று தெரிந்ததும் அங்கிருந்த போர்ட்டர் கண்ணாடியைத் துடைத்து, புகை பிடித்த தகரத்துக்கெல்லாம் கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தனுப்பியிருந்தார். இவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் ஊரில் ஸ்டூடியோவுக்குப் போட்டோ எடுக்கப் போகிறவர்கள் பவுடர் பூசி, பூ வைத்து, இரவல் வாட்ச் கட்டிக்கொண்டுதான் போவார்கள். பொருளுக்கும் அதே மரியாதையைச் செய்தார்கள்.

படத்தைத் திரும்ப வாங்கப் போனபோது, தேர்வுக் குழுவில் இருந்த தடித்த கண்ணாடிக்காரர் ஒருவர் என்னிடம் தன்மையாகச் சொன்னார்: "கை நல்ல கைதாம்மா. ஆனால் இது கடையில் விலைக்கு வைத்த சாமான் மாதிரி இருக்கிறது. யாரும் புழங்கின பொருளாகவே தெரியவில்லையே." அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் ஆத்திரம் இன்னும் அதிகமாக வந்தது.

மூன்றாம் வருஷம் விவகாரம் முற்றிவிட்டது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். குரல் உயர்த்தியே பேசாத அம்மாள். அவர் குரல் எவ்வளவுக்கெவ்வளவு மெதுவாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு நமக்குக் கஷ்டகாலம் என்பது பள்ளிக்கூடம் அறிந்த விஷயம். அன்றைக்குக் காதை நீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

"பள்ளிக்கூடத்துக்குத் தையல் மெஷின் வந்திருக்கு, டீச்சர். பெற்றவங்க எல்லாம் தையல் தையல்னு கேட்கிறாங்க. சித்திர பீரியடை எடுத்துட்டுத் தையலுக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன். நீங்களே தையல் எடுத்துக்கலாம். வேலைக்கு ஒண்ணும் குந்தகமில்லை."

"எனக்குத் தையல் தெரியாது மேடம்."

"கத்துக்கலாம். கை நுணுக்கம்தான் இருக்கே."

நான் அதுவரை தைத்தது ஒரே ஒரு ரவிக்கை. அதில் இரண்டு கையும் ஒரே பக்கம் பார்த்தன. சித்திர வகுப்பு போய்விட்டால் நான் யார்? அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் பாத்திரத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பைத்தியம், அவ்வளவுதான். நான் கெஞ்சுகிற ஜாதி இல்லை. அன்றைக்குக் கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி. இந்த வருஷம் மெட்ராஸ் கண்காட்சியிலே உங்க படம் தொங்கட்டும். அப்போ சித்திரத்துக்கும் மதிப்பு இருக்குன்னு நான் கமிட்டியிலே பேசலாம். தொங்கலைன்னா ஊசியைக் கையிலே எடுங்க."

அதற்குப் பிறகு நான் பார்த்த பழைய பொருளெல்லாம் எனக்குப் போதவில்லை. இப்படி அலைந்துகொண்டிருந்தபோது, அண்ணனின் வயிற்று வலிக்காக அண்ணி கோவளத்து தர்காவுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். பாத்தியா ஓதச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, பஸ்ஸுக்காக ஒரு டீக்கடைப் பந்தலில் நின்றோம். கடைக்காரர் ஒரு பாய், வெள்ளைத் தாடி. கடைக்குப் பின்னால் கோழிக் கூண்டை ஒட்டி ஒரு பித்தளை பாய்லர் கிடந்தது. பரங்கிக்காய் மாதிரி குட்டையாக, அகலமாக வயிறு. தலையில் புகைக்குழல். கடல் காற்றில் களிம்பு ஏறி உடம்பெல்லாம் பச்சை; அங்கங்கே நீலம், கறுப்பு. இடது விலாவில் ஒரு நசுங்கல். அதன்மேல் ஒரு கோழி உட்கார்ந்து என்னையே பார்த்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அண்ணி மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுவாம்மா? எங்க அத்தா காலத்துது" என்றார் பாய். "புச்சு வாங்கினு வந்தப்பறம் அத யாரும் தொடறதில்ல. கோழிதான் தூங்கிகினு கீது. எத்தினி வாட்டி தொரத்தினாலும் போவாது."

படம் வரைய வேண்டும், இரவல் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பாய்லரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். அண்ணி 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதுபோலக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எட்துகினு போங்க. ஆனா மெட்ராஸ்ல மாட்டுவாங்கன்னு சொல்றீங்க. நம்ம மானத்தக் காப்பாத்தறா மாதிரி போடணும்" என்றார்.

அந்த பாய்லரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்ததை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். கேளம்பாக்கத்தில் ஏறிய ஒருவர், "டீ சூடா கீதா?" என்றார். இல்லை என்றேன். திருப்போரூரில் மொட்டை போட்டுக்கொண்டு ஏறிய குடும்பம் முழுக்க டீ கேட்டது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடலாமா, ஆள் டிக்கெட் போடலாமா என்று யோசித்துவிட்டு, "இத அப்டியே கீழ வெச்சா கால் வெக்க எடமில்ல, மடியில வெச்சா ஆளுக்கு எடமில்ல. நீங்களே சொல்லுங்கம்மா, இன்னாவா போடறது?" என்று என்னிடமே நியாயம் கேட்டார். கடைசியில் எதுவும் போடாமல் போய்விட்டார். செங்கல்பட்டில் இறங்கும்போது என் புடவையின் முன்பக்கம் முழுக்கப் பச்சை. அண்ணி என்னைத் தெரியாதவள்போலப் பத்தடி தள்ளி நடந்து வந்தாள்.

கூடத்தில் ஜன்னலோரம் முக்காலிமேல் பாய்லரை ஏற்றினேன். சுற்றிச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டேன். அண்ணியை நிறுத்தி வைத்துச் சொன்னேன்: "அண்ணி, இந்த வட்டத்துக்குள்ள கால் வெக்கக்கூடாது. தொடக்கூடாது. தொடைக்கக்கூடாது. தூசி விழுந்தா விழட்டும்."

"எனக்கு இன்னா வந்துது? உம் பாய்லரு, உம் பாடு" என்றாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தாள், பாவம். ஆனால் பட்ட அவஸ்தை கொஞ்சமல்ல. கூடத்தைப் பெருக்கும்போது வட்டத்தின் விளிம்பு வரை துடைப்பம் வரும், நிற்கும், பெருமூச்சு விடும், திரும்பிப் போகும். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றிவிட்டு பாய்லர் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டிக் கும்பிடுவாள். சாப்பிடும்போது அதைப் பார்க்க நேர்ந்தால் சோறு இறங்காது என்று சமையலறையில் இலை போட்டுக்கொண்டாள். "களிம்பு புடிச்ச ஏனத்த நடு வூட்டுல வெச்சிகினு கீறோம். லட்சுமி வாசப்படிலயே செருப்ப மாட்டிகினு திரும்பிடுவா" என்று அண்ணனிடம் முறையிட்டாள். அண்ணன் பேப்பரைப் புரட்டினார்.

படம் நன்றாக வந்துகொண்டிருந்தது. நானே சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பச்சையைப் பிடிக்க எத்தனை பச்சை கலந்தேன்! கடல் பச்சை, பாசிப் பச்சை, அழுகின வெற்றிலைப் பச்சை. பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாய் சும்மா இருக்காமல் பெருமை பேசிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை, "சாயந்திரம் அந்தப் பக்கம் வர்றேன் டீச்சர், உங்க படத்தையும் ஒரு பார்வை பார்த்துடறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மதியமே பள்ளி ஆயாவிடம் வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன்: பெரிய டீச்சர் வருகிறார், காப்பிக்குப் பால் வாங்கி வை.

அது போதாதா அண்ணிக்கு!

சாயந்திரம் நானும் தலைமையாசிரியையும் சேர்ந்தே வீட்டுக்குள் நுழைந்தோம். வாசலில் கோலம் புதிது. கூடத்தில் சாம்பிராணிப் புகை. ஜன்னல் வழியாக விழுந்த சாய்வெயிலில் முக்காலிமேல் ஏதோ ஒன்று தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. ஒரு கணம் தீப்பிடித்துக்கொண்டதென்றே நினைத்தேன். பாய்லர்! தங்கத்தில் வார்த்த மாதிரி பாய்லர். வயிற்றின் நடுவில் சந்தனம், குங்குமம். புகைக்குழலைச் சுற்றி மல்லிகைச் சரம். பக்கத்தில் அண்ணி, புளி ஊறி வெளுத்த கைகளை முந்தானையில் துடைத்தபடி, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

தலைமையாசிரியை உட்கார்ந்தார். பாய்லரைப் பார்த்தார். பக்கத்தில் ஸ்டாண்டில் இருந்த என் படத்தைப் பார்த்தார். அதில் பச்சைப் பசேலென்று கோழி தூங்கின பாய்லர். மறுபடி பொருளைப் பார்த்தார். காப்பியை ஒரு வாய் குடித்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாகக் கேட்டார்.

"உள்ளது உள்ளபடி வரையறதுதானே உங்க கொள்கை, டீச்சர்?"

"ஆமாம் மேடம்."

"இவ்வளவு லட்சணமான பாத்திரத்தை ஏன் இப்படிச் சொறி பிடிச்ச மாதிரி போட்டிருக்கீங்க?"

நான் விளக்க ஆரம்பித்தேன். களிம்பு, கடல் காற்று, கோழி என்று தொடங்கி நானே கேட்டால் நம்பமாட்டாத விதத்தில் முடித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். போகும்போது அண்ணியிடம், "வீட்டை ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்றார். என்னிடம், "தையல் மெஷினுக்கு எண்ணெய் போடச் சொல்லியிருக்கேன், வந்து பாருங்க" என்றார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை பொறுத்தேன். பிறகு நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. மிகைப்படுத்தவில்லை, அந்த வீட்டுக்காரரே வந்து சொன்னார்.

அண்ணி முதலில் எதிர்த்து நின்றாள். "பெரிய மனுஷி வரா. அவ எதுக்க அந்த அசிங்கத்த வெச்சிருந்தா வூட்டுக்காரி யாருன்னு கேப்பாளா, படம் போட்டவ யாருன்னு கேப்பாளா? எம் மானம்தானே போவும்? உனுக்கு நல்லதுதான் பண்ணேன். போட்டோவுக்கு நிக்கறவ மூஞ்சி கழுவினு வரமாட்டாளா?" படம் தொங்காவிட்டால் சித்திர வகுப்பு போய்விடும் என்பதை நான் அவளிடம் அதுவரை சொல்லவில்லை. அப்போது கத்திச் சொன்னேன். அண்ணியின் முகம் வாடிவிட்டது. அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "களிம்புதானே ஒணும்? ஏத்திக் குடுக்கறேன்" என்றாள்.

பித்தளையில் களிம்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளத்தான் பெண்கள் ஆயுள் முழுக்கப் பாடுபடுகிறார்கள். ஏற்றுவது என்று இறங்கினால் என்னென்ன தப்பு செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. புளித்த மோர் பூசினாள். உப்பில் தோய்த்த கந்தலைச் சுற்றினாள். ஊறுகாய் ஜாடியின் அடிவண்டலைத் தடவினாள். மாமியாரான என் அம்மா இருந்த காலத்தில் எதற்கெல்லாம் திட்டு வாங்கினாளோ அத்தனையையும் வரிசையாகச் செய்தாள். பாய்லரைப் புழக்கடையில் துவைக்கிற கல்மேல் வைத்தோம். இரண்டே நாளில் நாற்றம் வந்தது, எறும்பு வந்தது. பச்சையும் மெல்ல எட்டிப் பார்த்தது. கோவளத்துப் பச்சை இல்லை, ஏதோ தேமல் மாதிரி. இருந்தாலும் பச்சை பச்சைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

அன்றைக்கு அண்ணி கடைத்தெருவுக்குப் போயிருந்த சமயம் பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறாள். துவைக்கிற கல்மேல் பாத்திரம், மேலெல்லாம் மோரும் உப்பும். 'ஐயோ பாவம், துலக்கப் போட்டுட்டு மறந்துட்டா போலிருக்கு' என்று இரக்கப்பட்டு, பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, செங்கல் பொடியும் தேங்காய் நாருமாகத் தேய்த்து, கழுவி, வெயிலில் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அண்ணியாவது ஒரு கை பார்த்தாள். இந்த அம்மாள் இரண்டு கை பார்த்திருந்தாள். முன்னைவிட அதிகமாக மின்னியது. நான் வந்து பார்த்தபோது சுவருக்கு மேலிருந்து அவள், "ஒத்தாசைக்கு ஒத்தாசைதானே டீச்சர், இதுல இன்னா கீது" என்றாள். அவளுக்கு நன்றி வேறு சொல்ல வேண்டியிருந்தது.

படத்தை ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது. பாய்லரைத் தூக்கி வந்து பழையபடி முக்காலியில் வைத்தேன். எதிரில் உட்கார்ந்தேன். இனி இதில் வரைய என்ன இருக்கிறது? கடைச் சாமான். பரங்கிக்காய் வயிற்றோடு ஒரு கடைச் சாமான். அதை எரித்துவிடுவதுபோலப் பார்த்தேன். அதுவும் என்னை அதேபோலப் பார்த்தது.

உள்ளே ஒரு முகம். கத்தரிக்காய் மாதிரி மூக்கு, இரண்டு காதுக்கும் நடுவில் அகலமாகப் பரந்த தாடை, ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் புருவம். நான்தான். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பின்னால் சின்னதாக அண்ணன், பனியனும் பேப்பருமாக. அவருக்குப் பக்கத்தில் சமையலறை வாசலில் அண்ணி, என் கோபம் எப்போது தணியும் என்று தெரியாமல் கையில் காப்பி டம்ளரோடு நிற்கிறாள். ஜன்னல் கம்பிகள் வில்லாக வளைந்திருந்தன. எங்கள் வீடு மொத்தமும் அந்த வயிற்றுக்குள் இருந்தது. உள்ளது உள்ளபடி என்றால் இதுவும் உள்ளதுதானே?

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததும் பாய்லருக்குள் இருந்த முகம் இன்னும் கோரமாகப் போயிற்று. உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு முறைத்தேன். முறைப்புதான் நன்றாக இருந்தது. படத்திலிருந்த பச்சையையெல்லாம் கத்தியால் சுரண்டி எறிந்தேன். அன்றுபோல் சந்தோஷமாக நான் அதற்கு முன் வரைந்ததில்லை. பசி தெரியவில்லை. யாராவது பேசினால் காதில் விழவில்லை. நசுங்கலை மட்டும் எந்தப் புளியாலும் எடுக்க முடியவில்லை. அது விலாவில் அப்படியே இருந்தது. அதையும் போட்டேன்.

அண்ணி படத்துக்குள் தன்னைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"யாரு இது, சமையக்கட்டுல? நானா? நான் இம்மாம் குண்டாவா கீறேன்?"

"பாய்லர் அப்படிக் காட்டுது அண்ணி."

"பாய்லருக்கு இன்னா தெரியும்? நீ கொறச்சிப் போடு."

முடியாது என்றேன். மறுநாள் காலையில் நான் பிரஷை எடுத்தபோது சமையலறை வாசலில் அரக்குப் பட்டுப்புடவை, மூக்குத்தி, தலை நிறையப் பூவோடு அண்ணி நின்றிருந்தாள். "மெட்ராஸ் ஜனம் பாக்கப் போவுது. அழுக்குப் பொடவையோட நிக்கச் சொல்றியா?" என்றாள். நான் கத்தினேன், அவள் நகரவில்லை. கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். புடவை பழசு, மூக்குத்தி புதுசு. மூக்குத்திக்கு நான் வைத்தது ஊசி முனையளவு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி சரியாக விழுந்ததா என்று அவள் நாலைந்து தடவை வந்து பார்த்தாள். அண்ணனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை.

காய்ந்தும் காயாத படத்தை ரயிலில் நின்றபடியே பிடித்துக்கொண்டு போய் ஒப்படைத்தேன். தடித்த கண்ணாடிக்காரர் வாங்கிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

படம் தொங்கியது. எடுத்துக்கொண்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கு நான் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். "வந்து பார்க்கறேன்" என்றார், அவ்வளவுதான். கமிட்டி என்றும் சொல்லவில்லை, தையல் என்றும் சொல்லவில்லை. குரல் வேறு மெதுவாக இருந்தது. கண்காட்சி திறக்கும் வரை எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அண்ணனின் ரயில்வே பாஸில் நாங்கள் மூவரும் போனோம். நான் கார்டு போட்டிருந்ததால் கோவளத்திலிருந்து பாய் தனியாக வந்திருந்தார். வெளுத்த சட்டை, புதுத் தொப்பி, ஆளுக்கு முன்னால் அத்தர் வாசனை. நேராகப் படத்தின் எதிரில் போய் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது நம்மளுது இல்ல டீச்சரம்மா."

"உங்களுதுதான் பாய். இந்த நசுங்கலைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். கை தானாகவே தாடிக்குப் போயிற்று. "ஆமா. அத்தா கையிலேர்ந்து வுழுந்தப்ப ஆனது. சின்னப் புள்ளயில நான்தான் குறுக்க ஓடினேன்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலில் வருத்தத்தோடு, "இவ்ளோ பளபளன்னு இருக்கும்னு தெரிஞ்சிருந்தா நான் ஏம்மா புச்சு வாங்கப் போறேன்?" என்றார். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜனங்கள் ஒவ்வொருவராகக் கிட்டே போய், பாய்லரின் வயிற்றுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி சற்றுத் தள்ளி, மூக்குத்தி வெளிச்சத்தில் படும்படி நின்றுகொண்டாள். அப்போதுதான் அண்ணன் படத்தை முதன்முதலாகப் பார்த்தார். நெருங்கிப் போனார். பின்வாங்கினார். "பனியனோடயா?" என்றார். "மெட்ராஸ் பூரா பாக்குதும்மா. நம்ம டிவிஷன் ஆபீஸர்ங்க வந்தா என் கதி இன்னாவறது?" அன்று முழுக்க அவர் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டில் சட்டையைக் கழற்றுவதையும் அன்றோடு விட்டுவிட்டார்.

தலைமையாசிரியை கடைசியாகத்தான் வந்தார். மடக்கின குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் படத்திலிருந்து தொடங்கி ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தார். என் படத்துக்கு வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குனிந்தார். நிமிரவே இல்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"இந்தப் பொம்பளை யாரு?" என்றார், படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"நான்தான் மேடம்."

"இவளுக்கு ஏன் இவ்வளவு கோபம்?"

இரண்டு மூன்று மரியாதையான பதில்கள் தொண்டை வரை வந்தன. எதுவும் உண்மை இல்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"தையல் சொல்லிக்கொடுக்கப் போகச் சொல்லியிருக்காங்க மேடம்."

அவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், படத்திலிருந்த முகத்தைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்த்து ஒரு குறையும் காணவில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு, நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவையாக, அந்த அம்மாள் மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சிரித்தார்.

"இந்த முகத்தோட ஊசியும் கையுமா க்ளாஸுக்குள்ள போனீங்கன்னா பிள்ளைங்க பள்ளிக்கூடத்தையே விட்டுடும்" என்றார். "தையலுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன். நீங்க சித்திரமே எடுங்க."

எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஊரில் யார் என்ன சொன்னாலும் உடனே ஒன்று திருப்பிச் சொல்லுகிற வாய், அன்றைக்குத் திறக்க மறுத்துவிட்டது. பொலபொலவென்று கண்ணீர்தான் வந்தது. அத்தனை மெட்ராஸ்காரர்கள் நடுவில் நின்று, பாயும் அண்ணியும் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்க, சிறுபிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன்.